ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு: காலில் உறையும் இரத்தம் பற்றி

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் சார் "உடல்நலம் பற்றி அரை மணி நேரம் பேசுங்கள் சிஸ்டர்" என்று கேட்டபோது, சர்க்கரை அல்லது பிரஷர் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பார். அதைப் பேச நிறையப் பேர் வந்து போய்விட்டார்கள். என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி அறுவை சிகிச்சை வார்டிலும் எலும்பு மூட்டு வார்டிலும் கழிந்தது. நம் நான்கு பிளாக்கிலும் எனக்குத் தெரிந்தே பலர் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறார்கள். இன்னும் சிலர் தேதி வாங்கி வைத்திருக்கிறார்கள். கர்ப்பப்பை, ஹெர்னியா, பித்தப்பை என்று வேறு கணக்கும் உண்டு. அதனால் ஆபரேஷனுக்குப் பிறகு காலில் இரத்தம் உறைவது பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். "இரத்தக் கட்டி" என்று சொன்னால் வார்டில் பாதிப் பேர் புற்றுநோய்க் கட்டி என்று நினைத்து அழத் தொடங்கிவிடுவார்கள். அது இல்லை. காய் நறுக்கும்போது விரலில் வெட்டுப்பட்டால் கொஞ்ச நேரத்தில் இரத்தம் உறைந்து நிற்கிறதே, அதே உறைதல்தான். காயத்தில் நடந்தால் அது நம்மைக் காக்கிறது. காலுக்குள்ளே, சதைக்கு நடுவே ஓடும் பெரிய சிரையில் நடந்தால் ஆபத்து. சீட்டில் டி.வி.டி. என்று டாக்டர் எழுதுவது இதைத்தான். அந்தக் கட்டியிலிருந்து ஒரு துண்டு பிய்ந்துவிட்டால், அது இரத்த ஓட்டத்தோடு மேலேறி, இதயத்தின் வலது பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போய் அங்கே அடைத்துக்கொள்ளும். சின்னத் துண்டு என்றால் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி. பெரிய துண்டு என்றால் சில நிமிடங்களில் உயிரே போய்விடலாம்.

காலில் உண்டான கட்டிதான் நுரையீரலில் போய் அடைக்கிறது என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டியவர் ருடால்ஃப் விர்ச்சோ என்ற ஜெர்மன் மருத்துவர். அவர் பிறந்த நாளான அக்டோபர் 13-ஐ 2014 முதல் உலக இரத்த உறைவு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். இரத்தம் குழாய்க்குள் உறைய மூன்று காரணங்களை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். ஓட்டம் மந்தமாவது ஒன்று, குழாயின் உட்சுவர் காயப்படுவது ஒன்று, இரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது ஒன்று. ஓடுகிற வாய்க்காலில் பாசி பிடிப்பதில்லை, தேங்கினால்தான் பிடிக்கிறது. ஆபரேஷன் என்பது இந்த மூன்றையும் ஒரே நாளில் ஒரே உடம்புக்குக் கொண்டுவருகிறது. மேஜையில் மணிக்கணக்காக அசையாமல் கிடக்கிறோம். குழாய்கள் வெட்டுப்படுகின்றன. இரத்தப் போக்கை நிறுத்த உடம்பு தன் உறையும் சக்தியை ஏற்றிக்கொள்கிறது.

"இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு வருவது, நமக்கு வராது" என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொல்லி வந்தார்கள். நானும் என் காதால் கேட்டிருக்கிறேன். தேடிப் பார்க்காதவரை எந்த நோயும் இல்லாததுபோலத்தான் இருக்கும். வேலூர் சி.எம்.சி.யில் 1996 முதல் 2005 வரையிலான பதிவேடுகளைப் பார்த்தபோது, உள்நோயாளிகளாகச் சேர்ந்தவர்களில் 10,000 பேருக்கு ஏறத்தாழ 17 பேரிடம் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இது கண்டுபிடித்தவர்களின் கணக்கு மட்டும்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் பத்து லட்சம் பெண்கள் ஆய்வு என்று ஒன்று நடக்கிறது. அதிலிருந்து ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நடுத்தர வயதுப் பெண்களின் விவரங்களை எடுத்து, ஆபரேஷனுக்குப் பிறகு யாருக்கு எப்போது இரத்தம் உறைகிறது என்று பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். மருத்துவமனையில் தங்கிச் செய்த ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் ஆறு வாரங்களில், ஆபரேஷன் செய்யாதவர்களைவிட ஆபத்து சுமார் 70 மடங்கு. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றியவர்களுக்கு 200 மடங்குக்கும் மேல். காலையில் போய் மாலையில் திரும்பும் சின்ன ஆபரேஷனில்கூடச் சுமார் பத்து மடங்கு. ஆபத்து உச்சத்துக்குப் போனது முதல் நாளில் இல்லை, முதல் வாரத்தில்கூட இல்லை. மூன்றாவது வாரத்தில். பன்னிரண்டு வாரம் வரைக்கும் அது முழுதாக இறங்கவே இல்லை.

இப்போதெல்லாம் மூட்டு மாற்று செய்தவர்களைச் சில நாளிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்படியென்றால் மூன்றாவது வாரத்தில் நோயாளி எங்கே இருப்பார்? நம் சி பிளாக் மூன்றாவது மாடியில், ஹாலில் போட்ட கட்டிலில் இருப்பார். டாக்டர் பக்கத்தில் இல்லை, நர்ஸ் இல்லை. மனைவி, மகன், மருமகள், எதிர் வீட்டு மாமி, இவ்வளவு பேர்தான். காவல் அவர்கள் கையில்தான் இருக்கிறது. நான் டாக்டர்கள் கூட்டத்தில் பேசாமல் உங்களிடம் பேசுவது அதனால்தான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். வேறொரு மருத்துவமனையில் கர்ப்பப்பை எடுத்த ஒரு பெண்மணியை எங்கள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஆபரேஷன் முடிந்து பதினாறாம் நாள். தையல் நன்றாக ஆறியிருந்தது. குளியலறைக்குப் போகும் வழியில் மூச்சு வாங்குகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எங்களிடம் வந்து சேர்வதற்குள் போய்விட்டார். "இரண்டு நாளாக வலது கால் கனக்கிறது, கடுக்கிறது என்றாள் அம்மா. தைலம் போட்டு நீவி விட்டேன் சிஸ்டர்" என்று மகள் சொன்னாள். அந்தப் பெண்மீது ஒரு குற்றமும் இல்லை. கால் வலிக்கிறது என்றால் நீவி விடுவது நாம் பிறந்ததிலிருந்து பார்த்த பழக்கம். டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பார்த்தேன். காயத்தை எப்படித் துடைப்பது, எப்போது தையல் பிரிப்பது, எல்லாம் இருந்தது. கால் வீங்கினால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை.

அதனால் ஆபரேஷனுக்கு முன்பே ஒரு கேள்வி கேளுங்கள். "டாக்டர், எனக்கு இரத்தம் உறையாமல் இருக்க என்ன செய்யப்போகிறீர்கள், எத்தனை நாளைக்கு?" செலவு எவ்வளவு, ஏ.சி. அறை உண்டா, இன்ஷூரன்ஸ் கிளெய்ம் ஆகுமா என்று நாம் எல்லாம் கேட்கிறோம். இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. 2008இல் லான்செட் இதழில் 32 நாடுகளின் மருத்துவமனைகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை வந்தது. ஆபத்தில் இருந்த அறுவை சிகிச்சை நோயாளிகளில் சுமார் 58 விழுக்காட்டினருக்குத்தான் உரிய தடுப்பு கிடைத்திருந்தது. இந்தியா அந்தச் சராசரிக்கும் மிகக் கீழே இருந்தது. இன்றைக்குப் பெரிய மருத்துவமனைகளில் நிலைமை எவ்வளவோ தேறியிருக்கிறது. ஆனாலும் கேட்பதால் ஒன்றும் குறைந்துவிடாது.

யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணக்கிட அமெரிக்க அறுவை மருத்துவர் ஜோசப் காப்ரினி ஒரு மதிப்பெண் முறை கொடுத்திருக்கிறார். ஸ்கூல் மார்க் மாதிரிதான், என்ன, இதில் மார்க் கூடினால் கவலை. வயது 61 முதல் 74 என்றால் 2 மார்க், 75ஐத் தாண்டினால் 3. முக்கால் மணி நேரத்துக்கு மேல் நடக்கும் பெரிய ஆபரேஷன் 2. புற்றுநோய் 2. முன்பு ஒருமுறை உறைவு வந்திருந்தால் 3, நெருங்கிய இரத்த உறவில் யாருக்காவது வந்திருந்தாலும் 3. உடல் பருமன் 1, காலில் வெரிகோஸ் 1. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு மட்டும் 5. மொத்தம் ஐந்தைத் தொட்டாலே அதிக ஆபத்து. 66 வயது, கொஞ்சம் பருமன், காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது, மூட்டு மாற்றப்போகிறார் என்று வையுங்கள். இரண்டும் ஐந்தும் ஒன்றும் ஒன்றும் ஒன்பது. இங்கே முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேரின் கணக்கு இதுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். அத்தைக்குக் கால் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களே, அதைச் சொல்லுங்கள். கருத்தடை மாத்திரை, மெனோபாஸுக்கு எடுக்கும் ஹார்மோன் மாத்திரை, கோயிலுக்குப் போக வேண்டும் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட எடுத்த மாத்திரை, எல்லாவற்றையும் சொல்லுங்கள். பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். ஏற்கெனவே இதயத்துக்காக இரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். முதுகில் ஊசி போடும்போது அது தெரியாமல் இருந்தால் தண்டுவடத்தின் பக்கத்தில் இரத்தம் கசிந்து கால் செயலிழந்துபோகும் ஆபத்து உண்டு. நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. என்றைக்கு நிறுத்துவது, என்றைக்குத் தொடங்குவது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி மருந்து. பெரும்பாலும் வயிற்றுத் தோலுக்கு அடியில் போடும் சின்ன ஊசியாக இருக்கும், ஹெப்பரின் வகை. 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் இரத்தம் உறைய வைக்கும் பொருளைத் தேடப்போய், உறையாமல் செய்யும் பொருளைக் கண்டார். அதிலிருந்து வந்ததுதான் இது. ஆபரேஷன் நோயாளிகளுக்குக் குறைந்த அளவில் கொடுத்தால் பலன் உண்டா என்பதை லண்டனில் இருந்த இந்திய வம்சாவளி அறுவை மருத்துவர் வி. வி. கக்கர் தலைமையில் சோதித்து 1975இல் வெளியிட்டார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள், ஏறக்குறைய சரிபாதியாக இரண்டு பிரிவு. ஊசி போடாத பிரிவில் நுரையீரல் அடைப்பால் இறந்தவர்கள் 16 பேர். போட்ட பிரிவில் 2 பேர். எனக்கு இந்த இரண்டு எண்களும் மறப்பதில்லை.

இப்போது மாத்திரைகளும் வந்துவிட்டன. சிலருக்கு ஊசி, சிலருக்கு மாத்திரை, மூட்டு ஆபரேஷன் செய்த சிலருக்கு ஆஸ்பிரின் என்று டாக்டருக்கு டாக்டர் மாறும். எது என்பதைவிட எத்தனை நாள் என்பதைக் கவனியுங்கள். மூட்டு மாற்றுக்குக் குறைந்தது 10 முதல் 14 நாள், பல சமயம் 35 நாள் வரை. வயிற்றில் புற்றுநோய் ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் நான்கு வாரம். வீட்டுக்கு வந்ததும் "வலியே இல்லை, இன்னும் எதற்கு ஊசி" என்று நிறுத்திவிடுகிறார்கள். வலிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. "இரத்தம் தண்ணீராகிவிடும்" என்று சில பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். இரத்தம் நீர்த்துப்போவதில்லை, உறையும் வேகம்தான் குறைகிறது. வார்ஃபரின் என்ற பழைய மாத்திரை எலி மருந்து என்று கூகுளில் படித்துவிட்டு ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். உண்மைதான், 1940களின் கடைசியில் எலி மருந்தாக வந்து, 1954இல் மனிதர்களுக்கான மருந்தாக அங்கீகாரம் பெற்றது. அளவுதான் மருந்தையும் விஷத்தையும் பிரிக்கிறது. அதனால்தான் அதற்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள்.

ஊசி போட்ட இடத்தில் கன்றிப்போவது சகஜம். தேய்க்காதீர்கள், தேய்த்தால் இன்னும் கன்றும். ஆனால் மலம் தார்போலக் கறுப்பாகப் போனாலோ, சிறுநீர் சிவந்தாலோ, ஈறில் இரத்தம் நிற்காமல் வந்தாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே டாக்டரைப் பாருங்கள். இந்த மருந்து எடுக்கும் நாட்களில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும்.

போட்ட ஊசியைக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். நம் குப்பையைக் கையால் பிரிக்கும் அம்மாக்களுக்குப் போன மாதம்கூட ஊசி குத்தியிருக்கிறது. கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மருத்துவமனையிலேயே கொடுத்துவிடுங்கள்.

மருந்துக்கு இணையானது நடை. கெண்டைக்கால் சதையை இரண்டாவது இதயம் என்பார்கள். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அது சிரையைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. படுத்தே கிடந்தால் அந்தப் பம்ப் நின்றுவிடுகிறது. ஆனால் நம் வீடுகளில் ஆபரேஷன் செய்தவருக்கு மரியாதை என்றாலே படுக்க வைப்பதுதான். "நீங்க அசையாதீங்கப்பா, எல்லாம் இங்கேயே வரும்" என்று காபியிலிருந்து சாப்பாடு வரை கட்டிலுக்கே வரும். சிசேரியன் செய்த பெண்ணுக்கும் இதே உபசாரம். தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை உறையும் தன்மை கூடியிருக்கும் என்பதால் அந்தப் பெண்ணும் எழுந்து நடக்கத்தான் வேண்டும்.

டாக்டர் அனுமதித்த அளவுக்கு வாக்கரைப் பிடித்துக்கொண்டாவது ஒரு நாளைக்குப் பல முறை கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வையுங்கள். படுத்திருக்கும்போது மணிக்கொரு தடவை பாதத்தைத் தன் பக்கம் இழுத்து, பிறகு கீழே அழுத்தி, பத்து முறை. தையல் மெஷின் மிதிப்பதுபோல. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மடக்கிப் போடாதீர்கள். தண்ணீர் குடிக்க வேண்டும். அடிக்கடி பாத்ரூம் போக வேண்டுமே, மருமகளைக் கூப்பிட வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் மாமியார்களை எனக்குத் தெரியும். மருமகள்களே, நீங்களாகவே கொண்டுபோய்க் கொடுங்கள்.

இறுக்கமான காலுறை கொடுத்திருந்தால் சுருக்கமில்லாமல் போட வேண்டும். அரிக்கிறது என்று பாதி சுருட்டி விட்டால் அது கயிறு கட்டியதுபோல் இறுக்கி, தடுக்க வந்ததே கெடுதல் செய்யும். தினமும் ஒருமுறை கழற்றித் தோலைப் பாருங்கள். சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள், காலுக்கு இரத்த ஓட்டம் குறைவாக உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

அறிகுறிகள். ஒரு கால் மட்டும் வீங்குவது, கெண்டைக்காலில் கடுப்பு, தொட்டால் சூடு, நிறம் மாறுவது. மூட்டு மாற்றிய காலில் ஓரளவு வீக்கம் இருக்கத்தான் செய்யும். ஆனால் நேற்றைவிட இன்று கூடியிருந்தால், வலி புதிதாக இருந்தால், அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நீவாதீர்கள், உருவாதீர்கள், தைலம் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். திடீரென்று மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினால், இருமலில் இரத்தம் வந்தால், மயக்கம் வந்தால், அது வாயு இல்லை. சோடாவும் இஞ்சிச் சாறும் கொடுத்து நேரத்தைக் கழிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். வருபவர்களிடம் முதல் வாக்கியமாகவே "மூன்று வாரம் முன்னால் ஆபரேஷன் ஆனது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் அவர்கள் மாரடைப்பை மட்டும் தேடிக்கொண்டிருக்கலாம்.

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017இல் சிசேரியன் ஆன மறுநாள் மூச்சுத் திணறலை உணர்ந்தார். அவருக்கு முன்பே இந்த நோய் வந்திருந்ததால் என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது. சி.டி. ஸ்கேன் எடுங்கள், ஹெப்பரின் கொடுங்கள் என்று அவரே சொன்னார். வலி மருந்தால் குழம்பியிருக்கிறார் என்று நர்ஸ் நினைத்தாராம். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலில் கட்டிகள் இருந்தன. உலகமறிந்த ஆளே வற்புறுத்த வேண்டியிருந்தது. நாமும் வற்புறுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, நிர்வாகிகளிடம் மூன்று கோரிக்கை. வாக்கரோடு நடக்க நம் காரிடார்தான் நல்ல இடம். அங்கே செருப்பு அலமாரி, சைக்கிள், பூந்தொட்டி எல்லாம் வரிசையாக நிற்கின்றன. ஒரு பக்கமாவது காலியாக வேண்டும். லிஃப்ட் பராமரிப்புக்காக நிறுத்தும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். பி பிளாக் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது, சக்கர நாற்காலி ஒன்று கீழே வாங்கி வையுங்கள். கேட்டில் இருக்கும் காவலர்களுக்கு, ஆம்புலன்ஸ் வந்தால் ரிஜிஸ்டரில் பெயர் எழுதச் சொல்லி நிறுத்தக் கூடாது என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருப்பவர்கள் சீட்டைக் கொண்டுவந்திருந்தால், டீ குடித்த பிறகு அந்த மேஜைக்கு வாருங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதித் தருகிறேன்.